காரின் பாடியில் ஜிங்க் அடிப்பது: ஒட்டுவதும் உரிவதும் எங்கே முடிவாகிறது

பழைய கார்களின் பாடியைச் சீரமைப்பதுதான் என் வேலை. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து பெயின்டுக்கு அனுப்புவோம். இதில் என்னை அதிகம் கட்டிப்போட்டது, துத்தநாகக் கம்பியை உருக்கிக் காற்றால் அடித்துத் தகட்டின் மேல் படிய வைக்கும் முறைதான். பட்டறையில் 'ஜிங்க் அடிக்கிறது' என்போம். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் ஜிங்கைத் தெளிக்க எந்த கன் வாங்கலாம், எந்தக் கம்பி போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அடித்த ஜிங்க் நிற்குமா உரியுமா என்பதோ, கன்னைக் கையில் எடுக்கும் முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அதனால் தயாரிப்பு வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முறை புதியதல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மாக்ஸ் உல்ரிக் ஷூப் என்ற பொறியாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருகிய உலோகத்தைக் காற்றால் தெளிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார். பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் துருத் தடுப்பாக இன்றும் இதே முறையில் துத்தநாகமும் அலுமினியமும் அடிக்கிறார்கள். கார் பாடியில் அதே சரக்கை நிரப்புப் பொருளாகப் பயன்படுத்துகிறோம். இரண்டு வகை கன் உண்டு. ஒன்றில் ஆக்சிஜன்-அசிட்டிலீன் தீச்சுடருக்குள் ஒற்றைக் கம்பி ஊர்ந்து வந்து உருகும். இன்னொன்றில் இரண்டு கம்பிகள் எதிரெதிராக வந்து சந்திக்கும் இடத்தில் மின்சார ஆர்க் பிடித்து உருகும். இரண்டிலும் கம்ப்ரஸர் காற்று உருகியதைச் சிதறடித்துத் துளித்துளியாகத் தகட்டை நோக்கி வீசும். நான் பெரும்பாலும் ஆர்க் வகையில்தான் வேலை செய்கிறேன். பக்கத்தில் தீச்சுடர் இல்லாததால் தகடு சூடாவது குறைவு.

துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸுக்கு ஒரு துளி கீழே உருகும். அவ்வளவு சூடான உலோகத்தை 0.7, 0.8 மி.மீ. தகட்டின் மேல் அடித்தால் தகடு நெளிந்துவிடாதா என்று எல்லாரும் கேட்பார்கள். நெளியாது. ஒவ்வொரு துளியும் அவ்வளவு சின்னது. தகட்டில் மோதிச் சப்பையாகி, கண்ணிமைப்பதற்குள் உறைந்துவிடுகிறது. ஒரு சுற்று அடித்தவுடன் கதவின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும்.

இதே குணம்தான் இதன் பலவீனமும். அவ்வளவு சீக்கிரம் உறைவதால் துத்தநாகம் இரும்போடு உருகிச் சேர்வதில்லை. ஈயத்தை இளக்கி நிரப்பும் ஈயப்பற்று அப்படியல்ல. தகட்டில் ஆக்சைடு படலத்தை நீக்கும் ஃபிளக்ஸ் போட்டு, முதலில் வெள்ளீயம் பூசினால் அது இரும்போடு உண்மையிலேயே கலந்து பிடித்துக்கொள்ளும். அதன் மேல் ஈயத்தை மரத்தட்டையால் தள்ளித் தள்ளி வடிவம் கொடுக்கலாம். 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம் உள்ள கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கி 255 டிகிரி வாக்கில்தான் முழுதாக நீராகும். நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் அது களிமண் பதத்தில் இருக்கும். அழகான வேலை அது, நான் இன்னும் மதிக்கிறேன். ஆனால் தகடு முழுவதையும் சூடாக்க வேண்டும், பெரிய தட்டையான இடத்தில் தகடு இழுத்துக்கொள்ளும், ஈயத் தூளும் நல்லதில்லை. ஜிங்க் அடிப்பதில் சூட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. பதிலுக்கு, பிடிப்பை நாம்தான் தகட்டில் உண்டாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அது எவ்வளவு முக்கியம் என்பதை வேறொரு இடத்தில் ஜிங்க் அடித்து எங்களிடம் வந்த ஒரு கதவில் பார்த்தேன். கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. உளியின் நுனியை விளிம்பில் கொடுத்து லேசாக நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஜிங்க் படலம் ஒரே வில்லையாக எழுந்து வந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. கிரைண்டர் வட்டு ஓடிய வளைகோடுகள் ஒன்று விடாமல் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. கீழே தகட்டிலும் அதே கோடுகள். உலோகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கிடைத்த ஒவ்வொரு பள்ளத்திலும் புகுந்திருக்கிறது. அந்தப் பள்ளங்களில் கவ்விக்கொள்ள எதுவும் இல்லை, அவ்வளவுதான். கிரைண்டர் விடுவது ஒரே திசையில் ஓடும், வழவழப்பான ஓரமுள்ள கீறல். கையால் தடவினால் சொரசொரப்பாகத்தான் தெரியும். ஆனால் ஜிங்குக்கு வேண்டியது எல்லாத் திசையிலும் கூர்முனையும் குழியுமாகக் குதறப்பட்ட மேற்பரப்பு. அதை, துகள்களைக் காற்றழுத்தத்தால் தகட்டின் மேல் வீசி அடிக்கும் பிளாஸ்டிங்தான் கொடுக்கும்.

பிளாஸ்டிங்குக்கு அலுமினியம் ஆக்சைடு மாதிரி கூர்மையான துகள்தான் வேண்டும். உருண்டையான துகளோ கண்ணாடி மணியோ தகட்டைத் தட்டிச் சமமாக்கும், குதறாது. ஆற்று மணலை வைத்து அடிக்கவே கூடாது. அதன் சிலிக்காத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. சிலிகோசிஸ் என்ற நோய்க்கு மருந்தில்லை. அடித்து முடித்த தகடு சீரான வெளிர்சாம்பல் நிறத்தில், எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் மினுக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 8501-1 தரத்தில் எஸ்ஏ 3 என்பது இந்த நிலைதான்: துரு, பழைய பெயின்ட், கறை எதன் நிழலும் இல்லாத வெறும் இரும்பு. துரு தின்ற குழிகளின் அடியில் கறுப்பு மிச்சம் இருந்தால் அங்கே மறுபடியும் அடிக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில் எனக்கு வெட்கமே கிடையாது.

இங்கே கார் வேலைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாலத்தின் தடித்த இரும்பில் பிளாஸ்டிங்கை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் அடிக்கலாம். கார் தகட்டில் அப்படி அடித்தால் அடிபட்ட பக்கத்தின் தோல் விரிந்து, தகடு அந்தப் பக்கமாகப் புடைத்துக்கொள்ளும். பானெட்டிலோ கூரையிலோ அது நடந்தால், அழுத்தினால் டபக்கென்று உள்ளே போய் வெளியே வரும் தகடாகிவிடும். திரும்பச் சரிசெய்வது பெரும்பாடு. சூட்டால் தகடு நெளியும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள்; நெளிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் பொடித் துகள், குறைந்த அழுத்தம், நேர்க்குத்தாக இல்லாமல் சாய்த்து அடிப்பது, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பது, பின்பக்கம் தாங்கல் கொடுப்பது என்று போவேன். நேரம் அதிகம் பிடிக்கும். பெரிய தட்டையான தகட்டின் நடுவில் உள்ள ஒடுக்குக்கு ஜிங்க் அடிப்பதையே நான் தவிர்த்துவிடுவேன். அங்கே ஒடுக்கை நன்றாக எடுத்துவிட்டு மெல்லிய பட்டி பார்ப்பதே புத்திசாலித்தனம். வளைவும் மடிப்பும் உள்ள இடங்களில் தகட்டுக்கு இயல்பாகவே விறைப்பு இருக்கும். வீல் ஆர்ச்சின் உதடு, கதவின் கீழ் விளிம்பு, கூரையும் தூணும் சேரும் மூட்டு, வெல்டிங் தையல் ஓடும் இடம் இவையெல்லாம் ஜிங்குக்கு ஏற்ற இடங்கள்.

பிளாஸ்டிங் முடிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வெறும் இரும்பு காற்றிலுள்ள ஈரத்தை உடனே எடுக்கும். 4 மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும் என்பது பொது விதி; ஈரம் மிகுந்த நாளில் நான் அவ்வளவு நேரம்கூட விடுவதில்லை. தகட்டின் சூடு, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலைக்கு 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். வெறும் விரலால் தொடவே கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ஜிங்க் முதல் நாள் நிற்கும், பிறகு கொப்பளிக்கும். கம்ப்ரஸர் காற்றும் அப்படியே. வெள்ளைத் துணியைக் காற்றின் முன் ஒரு நிமிடம் பிடித்துப் பார்ப்பேன். துணியில் எண்ணெய்ப் பொட்டோ ஈரமோ தெரிந்தால் ஃபில்டரைச் சரிசெய்யும் வரை வேலை இல்லை.

ஜிங்க் அடிக்கும் எல்லைக்கு வெளியேயும் இரண்டு மூன்று செ.மீ. தள்ளி பிளாஸ்டிங் ஓட்டியிருக்க வேண்டும். படலத்தின் ஓரம் எப்போதும் குதறிய இரும்பின் மேல்தான் முடிய வேண்டும். பழைய பெயின்டின் மேல் ஏறி முடிந்தால் அந்த ஓரம்தான் முதலில் தூக்கும்.

இன்னொரு பழக்கம்: அதே தடிமனில் ஒரு துண்டுத் தகட்டையும் பக்கத்தில் வைத்து, காருக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்வது. அதில் முதலில் மெல்லிய படலம் அடித்து, ஆறியதும் விரல் தடிமனுள்ள கம்பியின் மேல் வைத்து வளைப்பேன். ஜிங்க் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். முடி போல வெடிப்பு விழலாம், பரவாயில்லை. நகத்தாலோ கத்தியாலோ நெம்பி எடுக்கும்படி செதில் எழுந்தால் தயாரிப்பில் குறை இருக்கிறது. ஒரு துண்டுத் தகட்டோடு போகிற நஷ்டம் அது.

அடிப்பதற்கு முன் வெல்டிங் வேலை அத்தனையும் முடிந்திருக்க வேண்டும். ஜிங்க் படிந்த இடத்தில் பிறகு வெல்டிங் வைத்தால் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்போ 1500 டிகிரியை ஒட்டித்தான் உருகுகிறது. விளைவு, தையல் முழுக்க ஓட்டை, அறை முழுக்க வெள்ளைப் புகை. பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் டேங்க், குழாய், உள்ளறைகளில் மெழுகு, நுரை எதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடி, ரப்பர் பட்டி, டயர் எல்லாவற்றையும் நன்றாக மூட வேண்டும். கண்ணாடியில் பட்ட ஜிங்க் துளி பொட்டுப் பொட்டாகக் குத்தி நிற்கும்; சுரண்டினாலும் போகாது.

சரி, கன்னுக்கு வருவோம். 15 முதல் 20 செ.மீ. தூரம், தகட்டுக்கு நேர்க்கோணம். சாய்த்து அடித்தால் முனைகளுக்குப் பின்னால் நிழல் விழுந்து அங்கே வெற்றிடம் நிற்கும். வோல்ட்டேஜ் குறைந்தால் ஆர்க் விட்டுவிட்டுப் பிடித்து, உருகாத கம்பித் துணுக்குகளைத் துப்பும். கூடினால் துளி கரடுமுரடாகி, புகை அதிகமாகும். சரியாக இருக்கும்போது சத்தம் இழை அறாமல் ஒரே சீராகக் கேட்கும். காதில் மூடி போட்டிருந்தாலும் அந்த மாற்றம் கைக்குத் தெரிந்துவிடும். முதல் சுற்று மெல்லியதாக, முழு இடத்தையும் மூடும்படி இருக்க வேண்டும். அடுத்த சுற்று அதற்குக் குறுக்கே. இப்படி மாற்றி மாற்றி, ஒரு சுற்றுக்கு 50 முதல் 100 மைக்ரான் வரை ஏற்றிக்கொண்டு போகலாம். நடுவில் ஆற விட வேண்டும். பொறுமை இல்லாமல் ஒரே இடத்தில் கொட்டினால் அந்தப் பகுதி சூடேறி, ஆறும்போது சுருங்கி, உள்ளே இழுவிசை சேரும். துத்தநாகம் மென்மையான உலோகம் என்பதால் கொஞ்சம் தாங்கும். எஃகுக் கம்பி அடித்தால் இவ்வளவு தாராளம் காட்டாது. தடிமன் ஏறினாலே ஓரம் தூக்கிவிடும். பாடி வேலைக்கு நான் துத்தநாகத்தை விரும்புவதற்கு இது ஒரு காரணம். அரத்துக்கு இணங்கும் என்பது இன்னொன்று.

ஆனாலும் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நிரப்ப வேண்டிய நிலை வந்தால் நான் திரும்பச் சுத்தியலையும், தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியையும்தான் எடுப்பேன். தகட்டை அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் சீரமைப்பு; நிரப்புவது மிச்சசொச்சத்துக்கு. ஓட்டை விழுந்த இடத்தையோ விரிசலையோ ஜிங்க் அடித்து மூடுவது ஏமாற்று வேலை. அது துளி பலமும் சேர்க்காது. வண்டியின் எலும்புக்கூடான சட்டப் பகுதிகளில், விபத்து விசையைத் தாங்க வேண்டிய உயர்வலிமை எஃகில் இதைத் தொடவே கூடாது. அங்கே தயாரிப்பாளர் சொன்ன முறைதான்.

அடித்து முடித்ததும் வருவது எனக்குப் பிடித்த கட்டம். படிந்த ஜிங்க் மங்கலான, பூத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். வளைபல் அரத்தை அதன் மேல் சாய்வாக ஓட்டினால் மேடுகள் மட்டும் வெள்ளிபோல் பளிச்சென்று திரும்பும், பள்ளங்கள் மங்கலாகவே இருக்கும். மேடு பள்ளம் காட்ட கறுப்புப் பொடி தூவவோ வேறு நிறம் அடிக்கவோ தேவையில்லை, உலோகமே காட்டிக்கொடுக்கும். பளபளப்புத் தீவுகள் ஒவ்வொரு இழுப்புக்கும் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்வதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். கடைசியில் கட்டையில் சுற்றிய 80-ஆம் நம்பர் உப்புத்தாள். ஜிங்க் தாளின் பல்லை அடைத்துவிடும், அடிக்கடி தட்டிவிட வேண்டும். கிரைண்டர் வேண்டாம். சூடேறி ஜிங்க் இழுபடும், தூளும் அறை முழுக்கப் பறக்கும்.

அங்கங்கே சிறு பள்ளம் மிஞ்சும். அரம் போட்ட ஜிங்கின் மேல் நேராக மறுபடி ஜிங்க் அடித்தால் பிடிக்காது, திரும்ப பிளாஸ்டிங் செய்தாக வேண்டும். அரை மி.மீ. பள்ளத்துக்காக அவ்வளவும் தேவையில்லை. எபாக்சி பிரைமர் போட்டு, அதன் மேல் மெல்லிய பட்டி பார்ப்பேன். பட்டியே ஆகாது என்று பேசுகிறவர்களோடு நான் சேர்வதில்லை. பாலியஸ்டர் பட்டியின் பிரச்சினை, அதை விரற்கடை தடிமனுக்கு அப்புவதும், பிரைமர் இல்லாமல் ஈரக் காற்றில் திறந்து விடுவதும்தான். அதிலுள்ள மாக்கல் பொடி ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஜிங்க் அந்த இடத்தில் நேர்மாறாக நடந்துகொள்கிறது. ஈரம் புகுந்தாலும், இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். தொழிற்சாலையில் பூசி வந்த துத்தநாகப் பூச்சை வெல்டிங்கிலும் பிளாஸ்டிங்கிலும் இழந்துவிடுகிறோம். அதை அந்த இடத்துக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரியும் ஆகிறது. பவுடர் கோட்டிங் அடுப்புக்குள் 200 டிகிரி வாக்கில் போக வேண்டிய பாகம் என்றால் சாதாரணப் பட்டியை நினைத்தே பார்க்க முடியாது. அங்கே ஜிங்க்தான் கைகொடுக்கும்.

அடித்த ஜிங்குக்குள் நுண்துளைகள் நிறைய உண்டு. இதை மறந்தால் நல்ல வேலையும் பெயின்டில் கெடும். தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது, பிரைமர் போடும் வரை சொட்டு நீர்கூட வேண்டாம். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் துளைகளில் தங்கிவிடும் என்பதால் அதையும் தவிர்க்கிறேன். அல்கைட் பெயின்ட் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சவர்க்காரம்போல் மாறி, நாளடைவில் பிடியை விடும். எபாக்சிதான் சரி. முதலில் நன்றாக இளக்கி, பனிபோல் மெல்லிய ஒரு பூச்சு. அது துளைகளில் இறங்கி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறியதும் முழுப் பூச்சு. எடுத்தவுடனே தடிமனாக அடித்தால் காற்று பிறகு முட்டிக்கொண்டு வந்து, பூச்சு முழுக்க ஊசித்துளை விழும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகு, வாயில் உலோகச் சுவை, குளிர், காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் இறுக்கம் என்று வரும். உலோகப் புகைக் காய்ச்சல் என்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும், அதனாலேயே பலர் இதைச் சாதாரண ஜுரம் என்று நினைத்து மறுநாளும் அதே புகையில் நிற்கிறார்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டிங் ஆட்கள் சொல்வது பாதுகாப்பே இல்லை. புகையை இழுத்து வெளியேற்றும் விசிறிக் குழாய், வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி இவை இரண்டும்தான் பாதுகாப்பு. துணி மாஸ்க்கை நம்ப வேண்டாம். ஆர்க்கின் புற ஊதா ஒளிக்கு வெல்டிங் கண்ணாடி, சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுமூடி, முழுக்கை உடை.

தூளையும் சாதாரணக் குப்பையாக நினைக்கக் கூடாது. கன்னிலிருந்து வருவதில் கணிசமான பங்கு தகட்டில் ஒட்டாமல் பொடியாகத்தான் போகும். அந்தப் பொடி காற்றில் கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். குவியலாக ஈரம் பட்டால் ஹைட்ரஜன் வெளிவரும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலோகத் தீக்கென்றே இருக்கும் டி வகை அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலுமினியம் அடிக்கிற இடமென்றால் இன்னும் எச்சரிக்கை. அலுமினியப் பொடியும் துருப்பொடியும் கலந்தால் அது தெர்மைட், தண்டவாளங்களை வெல்டிங் செய்து இணைக்கும் அதே சரக்கு. அதனால் ஜிங்கோ அலுமினியமோ அடிக்கும் அறைக்குள் கிரைண்டரை நான் அனுமதிப்பதே இல்லை, அந்த நாள் வேலை முடிந்ததும் பொடியைத் தீப்பொறி எழுப்பாத கருவியால் கூட்டி, உலர்ந்த மூடிய டப்பாவில் தனியாக வைத்துவிடுவோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, எங்கெங்கே ஜிங்க் அடித்திருக்கிறது என்று படத்தில் குறித்து உரிமையாளரிடம் கொடுத்துவிடுகிறேன். பெயின்ட் ஏறிய பிறகு வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாளைக்கு வேறொரு பட்டறையில் யாராவது அதே இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டி வந்தால், முதலில் ஜிங்க்கை இரும்பு தெரியும் வரை அரத்தால் எடுத்துவிட்டு, மூச்சுக் கவசம் போட்டுக்கொண்டுதான் வைக்க வேண்டும்.